நீவிர் எவ்விலங்கு? அலுவலகக் கூட்டங்களின் அறிமுக வினாக்கள் குறித்த ஓர் ஆய்வு

புதிதாகச் சேர்ந்த குழுவை வட்டமாக உட்காரவைத்து, "நீங்கள் விலங்காகப் பிறந்திருந்தால் எந்த விலங்கு?" என்று கேட்டால் நெருக்கம் உண்டாகும் என்பது மனிதவளத் துறையின் நம்பிக்கை. ஐஸ்பிரேக்கர் எனப்படும் இவ்வினாக்களால் நெருக்கம் உண்டாவதை இக்கட்டுரை மறுக்கவில்லை. அது பதில்களால் உண்டாவதில்லை என்பதே இங்கு நிறுவப்படுவது. பதில்களை யாரும் கேட்பதில்லை. இதற்கான சான்று 1973-லேயே கிடைத்துவிட்டது. மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் ஆட்களைச் சுற்றி உட்காரவைத்து, முறைபோட்டுச் சொற்களை வாசிக்கச் சொன்னார். தத்தம் முறைக்கு முந்தைய ஏறத்தாழ 9 விநாடிக்குள் வாசிக்கப்பட்டவை அவரவர் நினைவில் சரியாகத் தங்கவில்லை. அட்டையைப் பார்த்து வாசிப்பதற்கே இந்தக் கதி. சிங்கம் என்றால் திமிராகப் படுமோ, யானை என்றால் உடம்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று தவிப்பவரின் காது என்ன நிலையில் இருக்கும்? பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதுதான் இருப்பதிலேயே குறைவாக விழும்.

இதற்கு எதிராக ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளரைக் காட்டுவார்கள். 1997-ல் வெளியான அவருடைய ஆய்வில், முன்பின் அறியாத இருவர் 36 கேள்விகளை வைத்துப் பேசி 45 நிமிடத்தில் நெருக்கமானது உண்மை. ஆனால் அங்கே இருந்தது இருவர். கேள்விகள் போகப்போக ஆழமாயின. ஒருவர் மனம் திறந்தால் மற்றவரும் திறந்தாக வேண்டும். முக்கியமாக, ஒருவருக்கு மற்றவர் அப்ரைசல் போடுபவர் அல்லர். 14 பேர், ஒரே கேள்வி, ஆளுக்கு அரை நிமிடம், மூலையில் மேனேஜர் என்ற ஏற்பாட்டுக்கு ஏரனைச் சாட்சிக்கு இழுப்பது அநியாயம். இன்னும் விவரமானவர்கள் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியை எடுப்பார்கள்: என்ன பேசுகிறோம் என்பதல்ல, பேசிக்கொள்வதே உறவு என்று அவர் 1923-லேயே எழுதினார். சரிதான். நம்மூரில் அந்த வேலையைச் செய்வது "சாப்பிட்டாச்சா?" அதற்கு "ம்" போதும். எந்த விலங்கு என்பதற்கு "ம்" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அப்படியானால் நெருக்கம் எங்கிருந்து வருகிறது? தப்பான பதிலிலிருந்து. பதற்றத்தில் "கரப்பான்பூச்சி" என்று உளறிவிடுபவர் எந்த வட்டத்திலும் ஒருவர் இருப்பார். முறை முடிந்தவர், முறைக்குக் காத்திருப்பவர் எல்லோர் காதிலும் விழும் பதில் அது ஒன்றே. மறுநாள் டீக்கடையில் அவருக்கு அதுதான் பெயர். மேனேஜரைச் சேர்க்காத வாட்ஸ்ஆப் குழுவோ அன்று மாலையே தொடங்கிவிடுகிறது; பலியானவரே அதற்கு அட்மின் ஆவதும் உண்டு. ஒருவரைப் பலிகொடுத்துத்தான் ஒற்றுமை காண வேண்டுமா என்பது அறவியலாரின் கவலை, நமதன்று. ஆய்வின் நடைமுறைப் பயன் வேறிடத்தில் இருக்கிறது: தன் முறைக்குச் சற்றுமுன் சொல்லப்படுவதை மேனேஜரும் கேட்டிருக்க மாட்டார். அவர் கடைசியாகப் பேசுபவரானால், அவருக்கு முந்தைய நாற்காலிதான் அறையிலேயே பாதுகாப்பானது. பத்து நிமிடம் முன்னதாகப் போனால் கிடைக்கும்.