எம்பிராய்டரியின் பின்பக்கம்: ஒரு முன்னாய்வு

கைப்பூத்தையலை வாங்கி மகிழ்தல் குறித்து இதுகாறும் எழுதிய பெரியோர் யாவரும் துணியின் முன்பக்கத்தையே ஆராய்ந்து காலங்கழித்தனர். ஆனால் கடைக்காரர் விரித்துப் போட்ட மறுகணமே வாங்க வந்தவர் கை துணியைத் திருப்புகிறது. கிளி அழகா, மயில் அழகா என்பதெல்லாம் அப்புறம். ஆகவே பின்பக்கமே மூலம்; முன்பக்கம் அதற்கெழுந்த உரை எனக் கொள்க. (ஆதாரம்: எதிர்வீட்டு அத்தை, வாய்மொழி.)

வகைப்பாடு இல்லாவிட்டால் தேர்வாளர்கள் மனம் நோவார்கள் என்பதால், இவ்வின்பத்தை நாடுவோரை மூவகையாக்குவோம்: பூவேலைத் துணி வாங்குவோர், நூல் வாங்குவோர், யாராவது தைத்துத் தருவார்கள் என்று காத்திருப்போர்.

மூன்றாமவர் இன்னும் காத்திருக்கிறார்.

நூல் வாங்குவோர் தைப்பதில்லை. ஆறிழை கொண்ட எட்டு மீட்டர் ஆங்கர் நிறுவன நூற்கட்டுகளை நிறவாரியாக அடுக்கி, மூடி, மறுபடி திறந்து பார்ப்பார்கள். கறுப்புக்கு ஆங்கரில் எண் 403, இன்னொரு நிறுவனமான டிஎம்சியில் 310. இரண்டையும் வாங்கியவர் தம்மிடம் இரண்டு கறுப்பு உண்டென்று சத்தியம் செய்வார்.

இனி நம் பொருள். மெஷின் வேலையின் பின்பக்கத்தில் பாபின் நூல் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையாக, அரசாங்கக் கோப்பைப் போல உணர்ச்சியற்று ஓடும். கைவேலையிலோ முடிச்சு இருக்கும். ஒரு பூவில் மிஞ்சிய நூல் அடுத்த பூவுக்குத் தாவியிருக்கும். முடிச்சைக் கண்டு “கைவேலையேதான்!” என மகிழ்வார் ஒரு சாரார். “இத்தனை முடிச்சா?” என்று விலையைக் குறைப்பார் மறுசாரார். இரு சாராரும் ஒருவரே என்பாரும் உளர். (காண்க: மேற்படி அத்தை, ஜவுளிக்கடைப் படலம், முதல் பேரம், ஒப்புநோக்குக: அதே படலம், மூன்றாம் பேரம், வெளியேறுவதுபோல் வாசல்வரை போய்த் திரும்பிய பகுதி.)

நம் கோட்பாட்டுக்கு வலுவான சான்று லக்னோவிலிருந்து கிடைக்கிறது. சிக்கன்காரியின் நிழல் தையலில் நூல் துணியின் பின்புறம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, மெல்லிய மஸ்லினின் முன்புறம் அதன் சாயல் மட்டும் தெரியும். உழைப்பெல்லாம் பின்னே, பெயரெல்லாம் முன்னே. நீலகிரித் தோடர் பெண்கள் இன்னும் ஒருபடி மேல். வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாக, வரைபடமோ கார்பன் தாளோ இல்லாமல், இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். அதையும் துணியின் மறுபக்கத்திலிருந்தே தைக்கிறார்கள். இவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்பக்கவியலுக்கு அரசு தந்த அங்கீகாரமாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். குறியீடு தந்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அது அவர்கள் குறை.

ஆய்வேடுகளுக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. எந்த நூலிலிருந்து எந்த நூலுக்குச் சொல்லாமல் தாவினார்கள் என்பது அங்கே பளிச்சென்று தெரியும். அதனால்தான் அவற்றுக்குக் கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்கிறார்கள்.

இக்கோட்பாட்டுக்கு எழுந்த ஒரே தடை தார்வாடுப் பக்கத்துக் கசூதிப் பூத்தையல். அதன் கவந்தி, முர்கித் தையல்கள் இரு பக்கமும் ஒன்றே. ஊசி ஒருமுறை விட்டுவிட்டுப் போய், வந்த வழியே இடைவெளிகளை நிரப்பித் திரும்பும், முடிச்சே கிடையாது. கசூதிப் புடவையைத் திருப்பிய அத்தை மறுபடி திருப்பினார். பிறகும் திருப்பினார். எது பின்பக்கம் என்று கடைக்காரரைக் கேட்டார், அவரும் திருப்பினார். (முழு விவரத்துக்கு: அத்தை, திண்ணைப் பேருரை, வடகம் காயவைக்கும் பருவம், காக்கை விரட்டும் இடைவேளைகள் நீக்கிய பதிப்பு, மாமாவின் குறுக்கீடுகள் பிற்சேர்க்கை என்பதால் விலக்கத்தக்கன.)

ஐயம்: முடிச்சில்லாத பின்பக்கத்தைக் கண்டால் யாது செய்வது?
விடை: மெஷின் வேலை என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்க.
ஐயம்: அது கசூதி என்று கடைக்காரர் சொன்னால்?
விடை: திருப்புக.