அயலகக் காய்ச்சலும் அலகு மாற்றமும்: லைப்சிக் தரவுகளை முன்வைத்து

காய்ச்சலைப் பற்றி எழுதப்படாதது குறைவு. ஆயினும் ஒரு பருவத்துக்கு மட்டும் அயல்நாடு போன பரிமாற்ற மாணவனுக்கு வரும் காய்ச்சலைத் தனி இனமாகக் கருத மருத்துவ உலகம் ஏனோ தயங்குகிறது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு மாணவர் விடுதியின் மூன்றாம் மாடி அறை. காலம், நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கிப் புதன்கிழமை காலை வரை. மாதிரி எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்று கட்டுரையாளனே என்பதால் தரவுகளில் தன்னிரக்கம் கலந்திருக்கிறது. தேர்வாளர்கள் கண்டுபிடிக்கும் முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

நோய்க்காரணம் குறித்து இரு மரபுகள் உள்ளன. மதுரை மரபின்படி (அம்மா), தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே போனதும், ராத்திரியில் தயிர் சாப்பிட்டதுமே காரணம். லைப்சிக் மரபின்படி (பக்கத்து அறைத் தோழன்), காரணம் 'ட்சூக்'. திறந்த சன்னல்களுக்கிடையே ஊடுபாயும் காற்றுக்கு அப்படிப் பெயர். கழுத்துப் பிடிப்பிலிருந்து சளி வரை அனைத்தையும் ஜெர்மானியர் அதன் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் இதே ஜெர்மானியர்தாம் உறைபனிக் குளிரிலும் சன்னல்களை அகலத் திறந்துவைத்து அறைக்குக் காற்று விடுகிறார்கள். இம்முரண் பற்றி விசாரித்தபோது, "அது வேறு காற்று" என்று தோழன் விளக்கினான். கிருமி என்ற சொல் இரு மரபிலும் காணப்படவில்லை.

சிகிச்சைமுறையிலும் இதே அளவு ஒற்றுமை உண்டு. நாம் ஈரத்துணியை நெற்றியில் போடுகிறோம். அவர்கள் கெண்டைக்காலில் சுற்றுகிறார்கள். காய்ச்சல்காரனுக்கு நாம் ரஸ்க் தருகிறோம். அவர்கள் 'ட்ஸ்வீபாக்' தருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் அதுவும் ரஸ்க்தான். விக்ஸ் டப்பா அங்கே 'விக்' என்ற பெயரில் விற்கிறது. முழுப்பெயரை ஜெர்மானிய உச்சரிப்பில் படித்தால் பெரியவர்கள் முன் சொல்லக்கூடாத ஒரு சொல்லின் பக்கத்தில் போய் நிற்கும். ஒரு 'ஸ்' குறைந்தாலும் வாசம் குறையவில்லை என்பதை மூக்கடைப்பு நீங்கியபின் உறுதிசெய்தேன்.

காய்ச்சல் முற்றிய நாள் ஞாயிறு. அன்று கடைகள் மூடியிருக்கும். திறந்திருந்தாலும் பயனில்லை, பாரசிட்டமாலை மளிகைக் கடையில் விற்கமாட்டார்கள். முறைவைத்துத் திறக்கும் மருந்தகம் எதுவென்று தேடி, ட்ராமில் போய், பூட்டிய கதவிலுள்ள சிறு சன்னல் வழியாக வாங்க வேண்டும். வேளைகெட்ட வேளையில் வந்ததற்கு 2.50 யூரோ தனி. கிடைத்ததோ 500 மில்லிகிராம். டோலோ 650 பழகிய உடம்பு அதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொண்டது.

இனி ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. ஞாயிறு மாலை அம்மா அழைத்தார்.

"என்னடா, குரல் கம்முது?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா காய்ச்சல்."

"எவ்வளவு?"

"38.5."

"முப்பத்தெட்டா? என்னடா, உடம்பு ஜில்லுன்னு இருக்கா?"

நான் சொன்னது பொய்யில்லை. விடுதி வெப்பமானி செல்சியஸில்தான் பேசும். 100-ஐத் தாண்டினால்தான் காய்ச்சல் என்றிருக்கும் வீட்டுக்கு 38.5 ஒரு குளுமையான செய்தி. அயலக நோயாளிக்கு வாய்த்த ஆகச் சிறந்த மறைப்புக் கருவி செல்சியஸ் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அது ஆறு மணி நேரம் நிலைத்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை அதிகாலையில் படிக்க எழுந்து, 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டி, 101.3 என்று அறிவித்துவிட்டாள். மதுரையில் காலை ஆறு. லைப்சிக்கில் இரவு ஒன்றரை. தொலைபேசி அடித்தது. அதன்பின் நடந்த உரையாடல் ஆய்வுநெறி கருதி இங்கு தரப்படவில்லை.

இதில் வரலாறு செய்த வேடிக்கை ஒன்று உண்டு. அம்மா வேதவாக்காகப் பிடித்திருக்கும் 98.6 மதுரையில் பிறந்ததல்ல. அது லைப்சிக்கின் சொத்து. இதே ஊரில் பேராசிரியராக இருந்த கார்ல் வுண்டர்லிஷ், ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து, இயல்பான உடல் வெப்பம் 37 பாகை செல்சியஸ் என்று 1868-இல் நூல் எழுதினார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. அந்த எண் கடல் கடந்து, எங்கள் வீட்டு அலமாரியிலிருக்கும் பாதரச வெப்பமானிக்குள் குடியேறி, நூற்றைம்பது ஆண்டு கழித்துச் சொந்த ஊரில் படுத்திருப்பவனை விசாரிக்கத் திரும்பி வந்திருக்கிறது. பரிமாற்றத் திட்டம் என்றால் இதுவல்லவா!

திங்களன்று மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, மூலிகைத் தேநீர் குடி, படுத்துத் தூங்கு என்று அனுப்பிவிட்டார். "ஊசி போட்டாரா?" என்றார் அம்மா. இல்லை. "மாத்திரை?" இல்லை. "அப்ப அவரு நெசமாவே டாக்டர்தானா?" இவ்வினா மேலாய்வுக்கு உரியது.

புதன் காலை வெப்பமானி 36.8 காட்டியது. இம்முறை நானே மாற்றிச் சொன்னேன்: "98.2, ம்மா. சரியாயிடுச்சு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "98.6-ல இருக்கணுமேடா. பாயிண்ட் நாலு குறையுதே."

நலமாக இருப்பவர்களின் சராசரியே 98.2தான் என்று 1992-இல் மக்கோவியாக் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு அளந்து, வுண்டர்லிஷின் கணக்கைத் திருத்திவிட்டதை எடுத்துரைத்தேன்.

"அவரு கெடக்குறாரு. சாப்பிடாம கெடந்து உடம்பு எறங்கிருக்கு. அங்க ஹார்லிக்ஸ் கிடைக்குமா?"