எல்லையே இல்லாத சிநேகம்

அப்காசியாவுக்கும் தெற்கு ஒசேத்தியாவுக்கும் இடையிலான நட்புக்கு எல்லையே கிடையாது. சந்தேகமிருந்தால் வரைபடத்தைப் பாருங்கள்: நடுவே ஜார்ஜியா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சுகுமிக்கும் ட்ஸ்கின்வாலிக்கும் நேர்கோட்டில் 250 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நண்பரைப் பார்க்க வேண்டுமென்றால் ரஷ்யாவுக்குள் போய், காகசஸ் மலையை வடக்கே சுற்றி, ரோக்கி சுரங்கப்பாதை வழியாக இறங்க வேண்டும்.

சோவியத் வீடு இடிந்தபோது ஜார்ஜியா தனி நாடானது. “அப்படியானால் நாங்களும் தனி” என்றார்கள் அதற்குள் இருந்த இந்த இருவரும். 1991-92இல் ஒசேத்தியாவில் போர், 1992-93இல் அப்காசியாவில் போர். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அப்காசியாவிலிருந்து மட்டும் 2 லட்சம் ஜார்ஜியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிறகு வந்த ராஜதந்திரத்தில் நிறைய இருக்கிறது.

உலகம் திரும்பிப் பார்க்காததால், 2006இல் தங்களைப் போலவே தனிநாடு என்று சொல்லிக்கொண்ட டிரான்ஸ்னிஸ்திரியாவையும் சேர்த்துக்கொண்டு இவர்களே ஒரு கூட்டமைப்பு கண்டார்கள். “நீ ஒரு நாடு”, “நீயும் ஒரு நாடு” என்று பரஸ்பரம் மாலை போட்டுக்கொண்டார்கள்.

2008 ஆகஸ்டில் ஜார்ஜியப் படை ட்ஸ்கின்வாலியைத் தாக்கியது. நண்பனுக்கு ஆபத்து என்றதும் அப்காசியா துடித்தெழுந்தது. எழுந்த வேகத்தில், தான் வெகுகாலமாகக் கண்வைத்திருந்த கொதோரிப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டது. நட்பும் ஆச்சு, நிலமும் ஆச்சு! ஆகஸ்ட் 26 அன்று மாஸ்கோ இருவரையும் ஒரே மூச்சில் நாடுகளாக்கியது. பின்னால் அங்கீகரிக்க நிகரகுவா வந்தது, வெனிசுவேலா வந்தது, சுமார் பத்தாயிரம் பேர் வாழும் நவுருவும் வந்தது. 2011இல் வந்த துவாலு 2014இல் கழன்றுகொண்டது. அதே 2011இல் வனுவாட்டு அப்காசியாவை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒசேத்தியாவை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இருவருக்கும் படியளப்பது மாஸ்கோதான். ஆனால் இந்த இரண்டு ஓரகத்திகளும் ஒரே மாதிரி குடித்தனம் நடத்துவதில்லை. 2014இல் ரஷ்யா நீட்டிய ஒப்பந்தத் தலைப்பில் ‘ஒருங்கிணைப்பு’ என்றிருந்ததை அப்காசியா அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. அடுத்த வருடம் ஒசேத்தியா அதே சொல்லோடு ஆசையாகப் போட்டது.

2022இல் ஒசேத்திய அதிபர் பிபிலோவ், ரஷ்யாவோடு சேர ஜூலை 17 அன்று வாக்கெடுப்பு என்று நாளே குறித்தார். அதுவும் தேர்தலில் தோற்ற பிறகு. பின்னால் வந்த கக்லோயெவ், மாஸ்கோவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று வாக்கெடுப்பை நிறுத்திவைத்தார். மணப்பெண் மேடையேறிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டில்தான் யாரும் கிளம்பவில்லை.

அப்காசியர்களோ நேரெதிர். ரஷ்ய முதலீட்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2024 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். அதிபர் ப்ஜானியா பதவி விலகினார். 2014இலும் 2020இலும் இப்படியே ஆளுக்கொரு அதிபரை அனுப்பிவைத்தவர்கள்தான்.

இத்தனைக்கும் நட்புக்குக் குறைவில்லை. ஒசேத்தியாவின் ஆசை நிறைவேற வேண்டும் என்று அப்காசியா வாழ்த்தலாம்தான். ஆனால் ஒசேத்தியா ரஷ்யாவில் கரைந்த மறுநாள், அப்காசியாவை அங்கீகரித்திருக்கும் நாடுகளில் ஒன்று குறைந்துவிடும். இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டியல்!