பொழைக்கத் தெரிஞ்ச பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. சோறு தின்னியா? எங்க தின்னுருக்கப் போற! விடிய விடிய லேப்டாப்புக்குள்ள காட்ட வெட்டி வீடு கட்டிக்கிட்டு இருந்திருப்ப. நம்ம தோப்புல வரப்பு வெட்டி மூணு மாசமாச்சு. அதுக்கு மம்பட்டிதான் வேணும், மவுசு பத்தாது பாரு.

வைவேன்னு பயப்படாத. உசுரு பொழைக்கிற வெளையாட்டுன்னா எனக்கும் பிடிக்கும். மேற்க மலை, கெழக்க கரிசல், நடுவுல மகாராஜபுரம். பொறந்ததுலேருந்து அந்த வெளையாட்டத்தான ஆடிக்கிட்டு இருக்கேன்!

ஆனா அந்த பப்ஜிய மட்டும் அந்தக் கணக்குல சேக்காத. 2020 செப்டம்பர்ல அதத் தடை பண்ணுன அன்னைக்கு நம்ம தெருப் பயலுக எழவு வீடு மாதிரி உக்காந்திருந்தானுக. நூறு பேரு எறங்கி, தொண்ணூத்தொம்பது பேரு செத்து, ஒருத்தன் மிஞ்சுறதுக்குப் பேரு பொழைப்பா? பங்காளிச் சண்டைய்யா அது. அதப் பாக்கத் துட்டு எதுக்கு? பொங்கலுக்கு மறுநா நம்ம தெருவுல நின்னாப் போதும்.

ஆடுனா மைன்கிராஃப்ட் ஆடு. சுவீடன்காரன் செஞ்சது. 2011ல முழுசா வெளிய வந்துச்சு. 2014ல மைக்ரோசாஃப்ட் கம்பெனி 250 கோடி டாலர எண்ணி வச்சு வாங்கிருச்சு. வெல்லக் கட்டிய அடுக்குன மாதிரி ஒரு உலகம். அதுல பகல் பத்தே நிமிஷம். அதுக்குள்ள மரம் வெட்டணும், மூணு கட்டி ஆட்டு ரோமம் சேத்துப் படுக்கை செய்யணும், இருட்டுறதுக்குள்ள குடிசைக்குள்ள அடஞ்சிரணும். மூணு ராத்திரி தொடந்து தூங்கலேன்னு வையி, வானத்துலேருந்து ஒரு பேய் பறந்து வந்து கொத்தும். ஒன் கண்ணுக்குக் கீழ இருக்க கருப்பப் பாத்தா, நேத்தே வந்து கொத்திட்டுப் போயிருச்சு போலயே!

அடுத்து வால்ஹைம். இதுவும் சுவீடன்காரன் சரக்குதான். 2021 பிப்ரவரியில வந்துச்சு. அதே மாசந்தான் நம்ம மலையையும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. இங்க விறகுக்கு ஒரு சுள்ளி ஒடிக்க யோசிக்கணும், அங்க இஷ்டத்துக்கு வெட்டலாம். ஆனா மரம் எந்தப் பக்கம் சாயும்னு பாக்காம நின்னா அது ஒன் மண்டையிலதான் விழும். வீட்டுக்குள்ள நெருப்பு மூட்டிட்டுப் புகை போக வழி விடலேன்னா மூச்சு முட்டிச் சாவ. ஒங்க அப்பத்தா நாப்பது வருசமா அடுப்படிக்குப் புகைக்கூண்டு வைங்கன்னு சொன்னா, எனக்குக் காதுல ஏறல. இத ஆடுன மறுநாத்தான் கொத்தனாரக் கூப்பிட்டேன்.

என்னலே முழிக்கிற? நீ ஆடுனதப் பாத்த மறுநான்னு சொல்ல வந்தேன்.

இன்னொன்னு இருக்கு, தி லாங் டார்க். கனடாக்காரன் செஞ்சது, 2017ல முழுசா வந்துச்சு. பனிக் காட்டுல ஒத்தையில மாட்டிக்கிட்ட மனுசன். பேயும் கெடையாது பிசாசும் கெடையாது. குளிரு, பசி, தாகம், அசதி, ஓநாய், இந்த மாதிரிதான் எதிரி. தின்ன தகரடப்பாக்குக் கலோரிக் கணக்கு, தூக்குன மூட்டைக்குக் கிலோக் கணக்கு. ஆடி அமாவாசைக்கு சதுரகிரி ஏற வாறவுக, வீட்டையே பையில அடச்சு வந்து வழுக்குப்பாறையில மூச்சு வாங்குறதப் பாத்திருக்கல்ல? அவுகளுக்கு அடிவாரத் தாணிப்பாறையிலயே வச்சு இத ஒரு மணி நேரம் ஆடக் குடுக்கணும். கால் கிலோ பால்கோவா இருந்தா அந்தப் பனியில நான் ஒரு ராத்திரியத் தள்ளிருவேன்.

அதோட சர்வைவல் ஆட்டத்துல செத்தா செத்ததுதான். சேமிச்சு வச்சதெல்லாம் அழிஞ்சு போகும். இந்த வெளையாட்டுலயே நெசமான எடம் அதான். 2015 மே மாசம் சதுரகிரி ஓடையில திடீர்னு வெள்ளம் வந்து சாமி கும்பிட வந்தவுகள அடிச்சுட்டுப் போச்சே, மறு ஆட்டம் யாருக்குக் கெடச்சுச்சு? மலையில மேகம் கருத்தா ஓடையில கால வைக்காத. அத எந்த வெளையாட்டும் ஒனக்குச் சொல்லாது, நான் சொல்லுறேன்.

கடைசியா திஸ் வார் ஆஃப் மைன். போலந்துக்காரன் 2014ல செஞ்சது. 1992லேருந்து 1996 வரைக்கும் சரயேவோ ஊர முற்றுகை போட்டாகள்ல, அத மனசுல வச்சு எழுதுன கதை. துப்பாக்கி பிடிச்சவன் கதையில்ல, குண்டுக்கு நடுவுல கஞ்சிக்கு அலையுறவன் கதை. 2020ல போலந்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக படிக்கிற பட்டியல்லயே இதச் சேத்தாங்க. அதுல ஒரு கெழவன் கெழவி வீடு வரும். எதுத்துக்கூட நிக்க மாட்டாக. மருந்தையும் சோத்தையும் அள்ளிட்டு வந்துரலாம். வந்தப்பெறகு ஒன் ஆளு மனசொடிஞ்சு மூலையில உக்காந்துருவான்.

ஏன் சொல்லுறேன்னா, ஞாயித்துக்கெழமை என் சட்டைப் பையில இருந்த எரநூறு ரூவாயக் காணோம். ஒனக்கு மனசு எப்படியிருக்கு? நல்லாத்தான இருக்க?

சரி, போனது போகட்டும். இம்புட்டு பழகிட்டேல்ல, இன்னைக்கு ராத்திரி தோப்புக் காவல் ஒனக்கு. டார்ச்சு, தகரடப்பா, ரெண்டு பாட்டில் தண்ணி எடுத்துக்க. பன்னி வந்தா டப்பாவத் தட்டு. யானை வந்தா வீரம் காட்டாத, சத்தமில்லாம வெலகி வந்து வனத்துறைக்குப் போன் போடு. தொணைக்கு நம்ம ராஜபாளையத்து நாயக் கூட்டிக்க. மரத்துக்கு அடியில படுக்காத, தேங்கா விழுந்தாலும் மறு ஆட்டம் கெடையாது.

ஏலே, லேப்டாப்ப எங்க தூக்குற? வச்சுட்டுப் போ. சார்ஜரையும் வச்சுட்டுப் போ.

பனிக் காட்டுல நெருப்பு அணையப் போகுதுய்யா, என்கிட்ட ஒத்தத் தீக்குச்சிதான் மிச்சமிருக்கு.