எழுந்துபோனவன் இலக்கணம்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூல் ஆகாது என்பது பெரியோர் வாக்கு. ஆகவே முதலில் அது.

இந்நூலைச் செய்தவன் நாற்பதாண்டுகளாகக் கிரிக்கெட் பார்ப்பவன், சினிமாப் பாட்டுக் கேட்பவன். ஆனால் பெருங்கணம் எதையும் நேரடியாகக் கண்டவன் அல்லன். அப்போதெல்லாம் அவன் எங்கே இருந்தான் என்று கேளுங்கள், கையில் என்ன பை வைத்திருந்தான் என்பது வரை சொல்வான். இந்த ஆய்வுக்கு அவனுக்குள்ள தகுதி அது ஒன்றே. கேட்டோர்: எதிர்வீட்டுக்காரர், மைத்துனர்கள் இருவர். பயன்: தேடிக்கொண்டிருக்கிறோம். களம்: டீக்கடை பெஞ்சு. அரங்கேற்றத்துக்குத் தலைமை தாங்கியவர் முக்கியமான இடத்தில் எழுந்து வெற்றிலை வாங்கப் போய்விட்டார். கொள்கை அங்கேயே நிறுவப்பட்டுவிட்டது. மற்றவை விளக்கமே.

நூற்பா 1
எழுந்தோன் போனபின் எழுவது பெருங்கணம்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பெருங்கணம் ஆமாறு உணர்த்துதல் நுதலிற்று.

ஒருவன் காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மட்டை வைத்துத் தடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்க எழுகிறான். செம்பில் கை வைக்கும்போது கூடத்தில் ஒரு கூச்சல். ஓடி வருகிறான். திரையில் எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். “என்ன ஆச்சு?” என்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாமை பெருங்கணத்தின் முதல் அடையாளம்.

எழுந்து போதல் மூவகைப்படும். தானே எழுந்து போதல் தன்வினை. பிறர் எழுப்பி அனுப்புதல் பிறவினை. உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, கரண்ட் போதல் செயப்பாட்டுவினை. வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மூன்றாவதற்கு உதாரணம் தேவையில்லை. நாலு பழைய பாட்டு ஓடும்வரை மின்சாரம் நிலையாக நிற்கும். புதுப்படப் பாட்டின் முதல் வயலின் எழும், விளக்கு அணையும். செயப்பாட்டுவினையின் நடுவில் ‘பாட்டு’ என்ற சொல் இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

நூற்பா 2
அனுப்பினோர் அறியார், அனுப்பப்பட்டோன் அறிவான்.

பிறவினைக்குத் தலையாய சான்று 22 செப்டம்பர் 1986. சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்திருந்த ஆட்டம் அது. 348 எடுத்தால் வெற்றி என்று ஆலன் பார்டர் துணிந்து சவால் விட்டிருந்தார். சாயங்காலம் நெருங்க நெருங்க அந்த 348 கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நான் டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு திண்ணையில் இருந்தேன். உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: “டேய், மிஷின் மூடறதுக்குள்ள போய் இந்த அரிசியை அரைச்சுண்டு வா.”

மறுத்துப் பார்த்தேன். “அந்த மாட்ச் நாளைக்கும் இருக்கும்” என்றாள். ஐந்தாம் நாள் ஆட்டம் நாளைக்கு இருக்காது என்பதை அவளுக்கு விளக்குவதற்கும் போய்விட்டு வருவதற்கும் ஒரே நேரம்தான் ஆகும். போனேன்.

மாவு மில்லில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்ததால் காற்றே தும்மியது. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் கேட்காது. மில்கார அண்ணன் தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக, ஒரு கையால் அரிசியைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் சின்ன டிரான்சிஸ்டரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். வர்ணனை முழுவதும் அந்த முகத்தில் நடந்தது. புருவம் உயர்ந்தது, மாவு உதிர்ந்தது. உதடு மடிந்தது. கண் மூடிக்கொண்டது. அப்புறம் டிரான்சிஸ்டரை இறக்கிவிட்டு, ஒரு விரலை மேலே தூக்கினார். நுனிவரை மாவு படிந்த விரல்.

“ஜெயிச்சாச்சா அண்ணே?” என்று கத்தினேன்.

தலையை ஆட்டினார், இல்லை என்று.

“தோத்தாச்சா? டிராவா?”

அதற்கும் இல்லை என்று ஆட்டினார்.

ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை, டிராவும் இல்லை என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. மெஷினை நிறுத்தினார். என் அரிசி பாதி அரைபட்டுக் கிடந்தது. அந்த அமைதியில்தான் சொன்னார்: “ரெண்டு பேரும் ஒண்ணுதான் தம்பி.”

நடந்தது இது: கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு எதிர் முனைக்குப் போய்விட்டார். கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் சிங், ஐந்தாவது பந்தில் கிரெக் மாத்யூஸிடம் எல்.பி.டபிள்யூ. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அடுத்தபடி, டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. எங்கள் வீட்டு வரலாற்றில், இட்லி மாவு சற்றே சிவப்பாக வந்த நாள்.

நூற்பா 3
ஆட்டம் போனது போனதே, பாட்டிற்கு
அடுத்த நிறுத்தம் உண்டு.

விளையாட்டுக்கும் பாட்டுக்கும் வேற்றுமை கூறுதல் நுதலிற்று.

1991 தீபாவளிக்கு ‘தளபதி’ வந்தது. அடுத்த சில மாதங்கள் நான் கல்லூரிக்குப் போன தனியார் பஸ்ஸில் ‘ராக்கம்மா கையத் தட்டு’ தவிர வேறு கேசட்டே கிடையாது. அதன் நடுவே கொட்டு அடங்கி அப்பர் தேவாரம் எழும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. டிரைவர் எங்கள் ஊர் தாண்டியதும் கேசட்டை முதலிலிருந்து போடுவார். மிகச் சரியாக அந்த இடத்துக்குச் சற்று முன்னால் என் நிறுத்தம் வந்துவிடும். படத்தைப் பார்த்தவன்தானே என்று கேட்பீர்கள். தியேட்டரில் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போயிருந்தேன் (தன்வினை).

ஆகவே அதை நல்ல கூத்துப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தூங்கிப்போய் இறங்கவில்லை. திடீரென்று பஸ் கோயிலாகிவிட்டது போல ஒரு குரல்வரிசை. விழித்துக்கொண்டேன். கண்டக்டர், “தம்பி, உங்க ஸ்டாப்பு போயிடுச்சே” என்றார். “தெரியும்ணே” என்றேன். அடுத்த நிறுத்தத்துக்கு மேல் டிக்கெட் வாங்கிக்கொண்டு, முழுதும் கேட்டு இறங்கி, புளியமரச் சாலையில் திரும்பி நடந்து, முதல் பீரியடைத் தவறவிட்டேன். 2002இல் பி.பி.சி. உலக சேவை எடுத்த வாக்கெடுப்பில் அந்தப் பாட்டு உலகில் நான்காம் இடம் பிடித்தது. எனக்கு வியப்பில்லை. கூடுதல் டிக்கெட் எடுத்தவன் நான்.

இதனால் பெறப்படுவது: பாட்டில் விட்டதை ஒரு நிறுத்தக் கட்டணத்தில் மீட்கலாம். விளையாட்டில் அப்படியொரு பஸ் ஓடுவதில்லை.

பாட்டுக்குப் பரிசு தரும் மேடைக்கு இது பொருந்தாது. 2009 பிப்ரவரியில் ஏ.ஆர். ரகுமான் ஆஸ்கர் மேடையில் தமிழிலும் பேசியபோது, இங்கே திங்கட்கிழமைக் காலை. நான் ஆபீஸ் லிஃப்ட்டுக்குள். மூன்றாம் மாடியில் கதவு மூடும்போது தமிழ் ஆஸ்கர் வாங்கியிருக்கவில்லை. நான்காம் மாடியில் திறந்தபோது வாங்கியிருந்தது.

நூற்பா 4
ராசி கெட்டோன் திண்ணை பெறுமே.

ஒருவன் பார்ப்பதால் விக்கெட் விழும் என்பது வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்ட விதி. 2 ஏப்ரல் 2011, வான்கடே, உலகக் கோப்பை இறுதி. நான் வந்து உட்கார்ந்தேன். சேவாக் இரண்டாவது பந்தில் பூஜ்யம். எழுந்து போனேன். திரும்பி வந்தேன்; சச்சின் 18. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் போட்டார். மாமியார், “மாப்பிள்ளைக்கு அங்கேதான் காத்து நல்லா வரும்” என்று மரியாதையாக முடித்துவைத்தார்.

கம்பீர் 97 அடித்ததும் தோனி 91 எடுத்து நின்றதும் எனக்குக் கொசுக்கடியோடு சேர்ந்தே நினைவிருக்கின்றன. குலசேகராவின் பந்தைத் தோனி தூக்கியபோது முதலில் கூவியது எதிர்வீடு. அங்கே கேபிள், எங்கள் வீட்டில் டிஷ். டிஷ்ஷில் சில விநாடி தாமதம். ஆகவே எங்கள் வீட்டாரில் உலகக் கோப்பையை முதலில் வென்றவன் திண்ணையில் இருந்த நான். உள்ளே அவர்கள் இன்னும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ராசி பார்ப்பார்கள்.

தனியொருவனுக்கு உரிய இவ்விதி சில வேளை வீட்டுக்கே பொருந்தும். 31 ஜனவரி 1999, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகு வலியோடு 136 அடித்த சச்சின் வெளியேறியபோது தேவை 17 மட்டுமே, கையில் மூன்று விக்கெட். பெரியப்பா எழுந்து டிவியை அணைத்தார். நான்கு ரன் சேர்வதற்குள் மூன்றும் விழுந்தன. ஆனால் அதன்பின் சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியதே, அதை எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா இருந்தார்.

நூற்பா 5
யாரும் காணாதது யாவரும் கண்டது.

18 ஜூன் 1983, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். கபில் தேவ் நின்று ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். அதற்கு வீடியோப் பதிவே கிடையாது. படம்பிடிக்க ஆளில்லை. அதாவது உலகமே ஒட்டுமொத்தமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நாள் அது.

விளைவைக் கவனிக்கவும். அந்த ஆட்டத்தை வர்ணிக்காத மாமா எங்கள் குடும்பத்தில் இல்லை. ஒருவர் சிக்சர் மரத்தைத் தாண்டியது என்பார், இன்னொருவர் மரத்தில் மாட்டியது என்பார். மறுத்துக் காட்ட ஒரு துண்டுப் படம்கூட இல்லாததால், அந்த 175 இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. படம் எடுத்த ஆட்டமெல்லாம் எடுத்த அளவிலேயே நின்றுவிட்டது.

தடை, விடை

“இப்போதுதான் எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, விட்டதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்பார் தடை எழுப்புவார். எதிர்வீட்டுக்காரர்தான் அவர்.

அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஒரு சோதனை செய்தேன். 1986இன் அந்தக் கடைசி ஓவரைத் தேடி எடுத்தேன். எழுந்து போகக்கூடாது என்று செம்பில் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். மாத்யூஸ் ஓடி வருகிறார். மனிந்தரின் காலில் படுகிறது. விக்ரம்ராஜு விரலைத் தூக்குகிறார்.

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். விரலில் மாவு இல்லை.

புறனடை

மேற்கூறிய விதிகளில் அடங்காதவற்றை அவரவர் நின்ற இடத்தை வைத்து அறிந்துகொள்க. விக்ரம்ராஜுவின் விரல் பற்றிய பதிவில் பிழை உள்ளது என்பது இவ்வாசிரியனின் துணிபு.