கால் மணி நேரத்துக்கு ஒரு குறைபாடு

பத்து மணிக்குப் பயிற்சி என்றார்கள். பதினொன்றுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு புரொஜெக்டர் மக்கர் செய்தது. ஒருவழியாக முதல் ஸ்லைடு வந்தது: ‘சின்னக் குழந்தைகளுக்கு விரிவுரை ஆகாது. தொட்டும் விளையாடியும்தான் கற்பார்கள்.’ இந்த ஒரு விஷயத்தை, நின்ற இடத்தில் நின்றபடி, இரண்டு மணி நேரம் விரிவுரையாகவே சொன்னார் வந்தவர். ஐம்பது அங்கன்வாடி டீச்சர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் கேட்டார்கள். கையெழுத்து, டீ, சமோசா, குரூப் போட்டோ. ‘பயிற்சி பெற்றோர்’ கணக்கில் ஐம்பது ஏறிவிட்டது. அந்த ஹாலில் ஒரு குழந்தைகூட இல்லை. தண்ணீர் இல்லாமல் நீச்சல் கற்றுத்தரும் தேசம் நம்முடையது.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்தான்.

மத்தியானம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றிய பாடம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஒரு முழுநாளே ஒதுக்கினாலும், விளக்கு, டீ, சாப்பாடு போக மிஞ்சுவது ஐந்து மணி நேரம். வகுத்துப் பாருங்கள். ஆட்டிசத்துக்குக் கால் மணி. காது கேளாமைக்குக் கால் மணி. கற்றல் குறைபாட்டுக்கு அதுவும் இல்லை, கரண்ட் போய்விட்டது.

டெல்லிக்கு இதுவே அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒரு வழி சொன்னது. பிளஸ் டூ படித்த அங்கன்வாடி ஊழியருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோ. நல்லதுதானே? எப்படி நடத்தலாம் என்பதையும் சொன்னது: டிடிஎச் சேனல், ஸ்மார்ட்போன். டிவியைப் பார்த்துப் பிரசவம் பார்க்கலாம் என்று இன்னும் எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. அவசரப்படாதீர்கள், வரும்.

அந்தக் கொள்கையே வேண்டாம் என்று நெஞ்சு நிமிர்த்திய சென்னை மட்டும் என்ன கிழித்தது? 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பாடம் எடுக்க யார்? ‘உபரி’யாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள். எங்களுக்கு மழலையர் வகுப்புக்கான பயிற்சியே இல்லை என்று அவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2022இல் வகுப்புகளையே கைவிடப் பார்த்து, ஊர் கத்தியதும் பின்வாங்கி, தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். இருபத்தைந்து நாளுக்கு வகுத்தால் தினம் 200. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்குக் கூலி 281. மண்ணை வெட்டினால் 281, மனிதனை உருவாக்கினால் 200.

அங்கன்வாடி டீச்சருக்குச் சம்பளம் என்றே சொல்ல மாட்டார்கள். மதிப்பூதியம். 2018இல் மத்திய அரசு போட்ட மதிப்பு மாதம் 4,500. மேலே மாநிலம் கொஞ்சம் போட்டுத் தருகிறது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் சிறப்பாசிரியர்கள் கதை இன்னும் ருசியானது. 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாதவர் இந்தப் பணியைச் செய்தால் ஓராண்டு வரை சிறை. சரி, படித்துப் பதிவும் செய்தவரை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்திலேயே வைத்துப் பள்ளி பள்ளியாக அலையவிட்டால்? அதற்குச் சிறை இல்லை. அதற்குப் பெயர் நிர்வாகம்.

தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மாநிலங்களைப் பார்த்து, எத்தனை பணியிடம் என்றாவது மூன்று வாரத்தில் அறிவியுங்கள் என்றது. நாற்பது மாதங்களில் ஆள் எடுப்பது இருக்கட்டும். எண்ணக்கூட முடியவில்லை.

இதற்கு நடுவே ‘பிஎம்ஸ்ரீ’ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தை வைத்து ஒரு சண்டை. கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றது டெல்லி. போட மாட்டோம் என்றது சென்னை. ‘சமக்ர சிக்ஷா’ என்ற பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி நின்றது. சிறப்பாசிரியர்களின் சம்பளம் வருவதும் அந்தத் திட்டத்தில்தான். டெல்லி தான் சரி என்கிறது. சென்னையும் தான் சரி என்கிறது. அப்படியானால் தப்பு செய்தது சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான்.

ஒன்று கேட்கிறேன். நாளை அங்கன்வாடிப் பக்கம் போனால் உள்ளே எட்டிப் பாருங்கள். எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, பதிவேடு எழுதி, வாக்காளர் பட்டியலும் சரிபார்த்து, ‘போஷன் டிராக்கர்’ செயலியில் தகவல் ஏற்றிக்கொண்டிருப்பார் டீச்சர். ஒருவேளை அவர் ஒரு குழந்தையை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தால், பயிற்சி பலித்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். சிக்னல் போயிருக்கும்.