பாதாளத்துக்குப் போகுதா, கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. பிரேக்கு மெதிச்சா பெடலு கம்முனு கீழ போகுதாக்கும்? போன்ல வீடியோ பாத்தியா? ஒருத்தன் மாஸ்டர் சிலிண்டரை மாத்துன்னான், இன்னொருத்தன் பூஸ்டரை மாத்துன்னான், மூணாவது ஆளு வண்டியையே மாத்துன்னானா? நல்லா இருக்குது போ. அதென்ன கையில டப்பி? ஸ்கேனரா? உன்ற பிக்கப்பு இருவது வருசத்துப் பழசு. இதைச் செருகறதுக்கு அதுல ஓட்டை எங்கடா கெடச்சுது? சிகரெட் பத்தவெக்கற ஓட்டையிலயா?

சாமி, அந்தப் பிரேக்குல கம்ப்யூட்டரும் இல்லை, ஒரு கருமாந்தரமும் இல்லை. நீ மெதிக்கற. மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுது. அந்த எண்ணெய் முன்னால காலிப்பரைத் தள்ளுது, பின்னால வீல் சிலிண்டரைத் தள்ளுது. பேடு டிஸ்க்கை நெருக்குது, லைனரு டிரம்மை நெருக்குது. அம்புட்டுத்தான். எண்ணெய் அமுங்காது. அப்படியும் பெடலு எறங்குதுன்னா என்ன அர்த்தம்? அமுங்கற சாமான் ஏதோ உள்ள பூந்திருக்கோணும். இல்லீன்னா எண்ணெய் போகக்கூடாத எடத்துக்குப் போகோணும். அதுவும் இல்லீன்னா லைனருக்கும் டிரம்முக்கும் நடுவுல சந்து பெருத்திருக்கோணும். இதுல எதுன்னு கண்டுபுடிக்க ஒரு கருவி இருக்குது. உன்ற வலது காலு. அதுக்கு சார்ஜும் போட வேண்டாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்த வண்டியிலயா வந்தே? நிக்காத வண்டியில ஏறி வந்து, நிக்க மாட்டேங்குதுன்னு சொல்ற தைரியம் உங்க வயசுக்குத்தான் வரும். சாவியைக் கொண்டுபோயி உன்ற ஆத்தாகிட்டக் குடு. மெக்கானிக்கு வண்டிகிட்ட வரட்டும். வண்டி மெக்கானிக்குகிட்டப் போக வேண்டாம்.

இப்பக் கேட்டுக்கோ. சமமான எடத்துல வண்டியை நிறுத்து, சக்கரத்துக்குக் கல்லு வை. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு தடவை மெதிச்சு, பூஸ்டர்ல இருக்கற வாக்குவத்தைத் தீத்துரு. அப்பறம் பெடலை அழுத்திப் புடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணு. ஒரு துளி எறங்கி நிக்கும். பூஸ்டர் உசுரோட இருக்குதுங்கறதுக்கு அடையாளம் அது. அதைப் பாத்து ஐயோ எறங்குதேன்னு அலறி, நல்லா இருக்கற பூஸ்டரைக் கழட்டிப் போட்ட மகராசனுங்க உண்டு. புதுசும் அதே மாதிரி எறங்கும்ல? அதுக்கு ஒரு நாளு கடைக்காரங்கிட்டச் சண்டை.

எறங்கி நின்னா சரி. நிக்காம, காலை வெச்சுப் புடிச்சிருக்கறப்பவே மெள்ள மெள்ளத் தரைக்குப் போகுதா? அப்பத்தான் சீக்கு. எண்ணெய் எங்கயோ ஓடுது. எங்கன்னு பேனட்டைத் தூக்கி ஆயில் டப்பாவைக் கேளு. பேடு தேயத் தேய மட்டம் கொஞ்சம் கொறையும், அது வாடிக்கை. வாரா வாரம் ஊத்தறயா? அப்ப அது ஒழுக்கு. ஊத்தி ஊத்தி ஓட்டறது வைத்தியமாடா?

பின் சக்கரத்து உள்பக்கம் குனிஞ்சு பாரு. ஈரமா இருந்தா, மழைத்தண்ணின்னு தொடச்சுட்டுப் போகாத. டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டர் ரப்பரை லேசாத் தூக்கிப் பாரு, எண்ணெய் எட்டிப் பாக்கும். எண்ணெய் குடிச்ச லைனரை மண்ணுல தேச்சு மறுபடியும் மாட்டற கெட்டிக்காரனுங்க ஊருக்கு ஊரு இருக்கறாங்க. நீ அதைச் செய்யாத. ரெண்டு பக்கமும் சோடியா மாத்து. ஆக்சில் மேல போற பைப்பு துருப்புடிச்சிருக்குதான்னும் பாரு. எங்கயும் ஈரம் இல்லை, டப்பா மட்டும் கொறையுதா? மாஸ்டரைப் பூஸ்டரோட கோத்திருக்கற எடத்துல விரலை ஓட்டிப் பாரு. பின்வாசல் வழியா எண்ணெய் பூஸ்டருக்குள்ள எறங்கிட்டிருக்கும். வெளிய ஒரு சொட்டு தெரியாது.

டப்பா கொறையவே இல்லை, பெடலு மட்டும் எறங்குதுன்னா இப்ப மாஸ்டர் சிலிண்டர் மேல சந்தேகப்படு. மொதல்லயே படாத. உள்ள இருக்கற ரப்பர் வாசர் தேஞ்சு, எண்ணெய் அதைத் தாண்டிப் பின்னால நழுவி டப்பாவுக்கே திரும்பிருது. சைக்கிள் பம்புல வாசர் தேஞ்சா என்ன ஆகுது? வெசையா அடிச்சாக் காத்து ஏறும். மெள்ள அமுக்கினாக் கைப்பிடி சும்மா எறங்கும். இதுவும் அதே கதைதான். அதனால சோதிக்கறப்போ எருமை மெதி மெதிக்காத. சிக்னல்ல நிக்கறப்போ காலை எப்படி வெச்சிருப்பே, அப்படி லேசா வை. ஓங்கி மெதிச்சுப் பாத்துட்டு நல்லா நிக்குதுன்னு சர்ட்டிபிகேட் குடுக்கறவனை நம்பாத. அப்பவும் சந்தேகமா? மாஸ்டர்லருந்து போற பைப்பைக் கழட்டிட்டு, அந்த ஓட்டைகளை பிளக்கு போட்டு அடைக்கச் சொல்லு. பெடலு கெட்டியா நின்னா மாஸ்டர் யோக்கியன். அடைச்சும் எறங்குனா அவந்தான் திருடன்.

சரி, வெச்சு வெச்சு எடுத்தா பெடலு மேல வருதா? வந்தப்பறம் எப்படி இருக்குது? மெதுமெதுன்னு இருந்தா உள்ள காத்து. கெட்டியா இருந்தா லைனர் சந்து. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு மறுபடி மெதிச்சுப் பாரு. பெடலு சட்டுனு மேலயே நின்னுச்சுன்னா வேலை பின் டிரம்முல இருக்குது. தானா அட்ஜஸ்ட் ஆகும்னு புஸ்தகத்துல போட்டிருக்குதா? புஸ்தகம் துருப்புடிக்காது கண்ணு, அட்ஜஸ்டர் துருப்புடிக்கும். ஒரு ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தாப் போதும். இதுக்குப் போயி புது மாஸ்டர் வாங்குனவனை எனக்குத் தெரியும். கேட்டா, அவன் மச்சாந்தான் உதிரிபாகக் கடை வெச்சிருக்கறான்.

காத்துன்னா ஏர் எடுக்கோணும். மாஸ்டருக்கு ரொம்பத் தொலவுல இருக்கற சக்கரத்துலருந்து ஆரம்பிக்கறதுதான் பழைய வண்டி வழக்கம். நம்மூரு வண்டியில ஓட்டறவன் வலது பக்கம், அதனால பின் இடது மொதல்ல. இதுல மூணு கூத்து நடக்கும், பாத்துக்கோ. கையாள் பையன் பெடலைத் தரை வரைக்கும் குத்துவான். இத்தனை வருசம் வாசர் போகாத மூலையில துருவும் பிசிறும் கெடக்கும். அங்க போயி வாசர் கிழிஞ்சுரும். மெதுவா எறங்கிட்டிருந்தது, ஏர் எடுத்தப்பறம் ஒரேயடியா எறங்கும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வை, அந்த வம்பே இல்லை.

ரெண்டாவது, காலிப்பரைப் பக்கம் மாத்தி மாட்டிருவாங்க. ஏர் எடுக்கற நிப்பிள் கீழ போயிரும். காத்து மேலதான நிக்கும்? நீ கீழ தொறந்து வெச்சுக்கிட்டு லிட்டர் லிட்டரா ஊத்து, விடிஞ்சாலும் வராது. மூணாவது, பின் ஆக்சில்கிட்ட ஒரு வால்வு இருக்கும், லோடுக்குத் தக்கன பின் பிரேக்கைக் கூட்டிக் கொறைக்கறது. ஜாக்கியில தூக்கித் தொங்கவிட்டு ஏர் எடுத்தா, வண்டி காலின்னு நெனச்சு அது எண்ணெயை நெரிக்கும். சக்கரம் தரையில இருக்கட்டும். ஆமா, உன்ற வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை சேத்தியா? நாலு மூட்டை கூட ஏத்தறதுக்கா? பட்டை சேத்தா லோடு வெச்சும் பின்பக்கம் எறங்காது. வால்வு காலி வண்டின்னே நம்பிக்கிட்டு இருக்கும். பட்டைக்குச் செலவு பண்ணுன, அந்த வால்வை ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா?

எண்ணெய் எப்ப மாத்துன? அதையும் மாத்தணுமான்னு கேக்கறியா? முன்னால கலர் கலரா லைட்டு எத்தனை தடவை மாத்தியிருப்பே! பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 கொறஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 140 தான் கணக்கு. டாட் 4 புதுசுல 230, ஈரம் ஏறினா 155. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துன்னு சொல்றது கடைக்காரன் பொழைக்கறதுக்கு இல்லை.

கொல்லிமலைக்குப் போறவன்தான நீ? காரவள்ளியிலருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. ஏறறப்போ எஞ்சினு அழுகும், எறங்கறப்போ பிரேக்கு அழுகும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டுட்டு, வழி நெடுக பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறி எண்ணெய்க்குள்ள இருக்கற தண்ணி ஆவியாகும். ஆவி அமுங்கும். பெடலு பாதாளத்துக்குப் போகும். அடிவாரம் வந்து ஒரு டீ குடிச்சு ஆறுனா பெடலு பழையபடி வந்துரும். மெக்கானிக்கும் ஒண்ணும் இல்லைம்பான். எந்த கியர்ல ஏறுனயோ அந்த கியர்லயே எறங்கு. மிச்சம் புடிச்ச டீசலை வெச்சு ஊட்டுல விளக்கா ஏத்தப் போறே?

பிரேக் ஆயில் டப்பா மூடியில என்ன எழுதியிருக்குதோ அதை ஊத்து. டாட் 5-னு ஒண்ணு இருக்குது, சிலிக்கான் சரக்கு. நம்பர் பெருசு, அதனால ஒசத்தின்னு அதைக் கொண்டுபோயி கலக்காத. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊத்தினயோ, ரப்பர் அத்தனையும் ஊதிப் பெருத்துரும். பெட்ரோல்ல வாசர் கழுவறவனைக் கண்டா ஸ்பானரைப் புடுங்கி வெச்சுரு. புது டப்பாவாத் தொறந்து ஊத்து. போன வருசம் பாதி மிச்சம் வெச்சது ஈரம் குடிச்சிருக்கும். பெயிண்ட் மேல சிந்தாத, தோலை உரிச்சுரும்.

எல்லாம் முடிஞ்சா நேரா ரோட்டுக்கு ஏறிராத. எஞ்சின் ஓடறப்போ பெடலை லேசா வெச்சு, ஒண்ணுலருந்து அறுவது வரைக்கும் எண்ணு. எறங்கலையா? களத்துல காலி வண்டியை நடக்கற வேகத்துல ஓட்டி நிறுத்து. பொறவு கொஞ்சம் லோடோட நிறுத்து. நாலு சக்கரத்தையும் மறுபடி குனிஞ்சு பாரு, ஈரம் இல்லைன்னா மலைக்குப் போ. வர்றப்போ பலாப்பழம் ஏத்துவீல்ல? ஒண்ணை இந்தத் திண்ணையில எறக்கிட்டுப் போ. பழுத்ததாப் பாத்து.